ஸ்டியரிங் இறுகினால் உடனே கேபிள் வாங்காதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

உ

காரைக்குடி,
மார்கழி மாதம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கரையேற்றி வைத்த படகுகளைத் தை பிறந்ததும் இறக்கத் தொடங்குவீர்கள். கூடவே எங்களுக்குப் போன் வரும். "அண்ணே, ஸ்டியரிங் திரும்பவே மாட்டேங்குது. ஒரு கேபிள் எடுத்து வைங்க, பையனை அனுப்புறேன்." கேபிள் விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனால் புதுக் கேபிள் போட்ட பிறகும் பழைய இறுக்கம் அப்படியே இருந்தால், திட்டும் எங்களுக்குத்தான். அதனால் எங்கே இறுகியிருக்கிறது என்று பார்க்காமல் இனி யாருக்கும் கேபிள் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பார்ப்பது எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

கடலே இல்லாத காரைக்குடியில் படகு வேலையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய கார்களுக்குக் கேபிள் வேலை பார்த்து வந்த பட்டறை இது. தேவகோட்டை, தொண்டிப் பக்கத்துப் படகுக்காரர்கள் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். வருபவை பெரும்பாலும் பழைய உல்லாசப் படகுகள். பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜின், முன்னால் ஸ்டியரிங் சக்கரம், இரண்டையும் இணைக்க ஒரே ஒரு கேபிள்.

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, கேபிளின் உள்கம்பியைத் தள்ளும், இழுக்கும். கேபிளின் மறுமுனையில் 5/8 அங்குலத் தடிமனில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு. அது இன்ஜின் பிராக்கெட்டில் குறுக்காக இருக்கும் டில்ட் டியூபுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். இன்ஜினைத் தூக்கி இறக்கும்போது அச்சாக இருப்பதும் இதே குழாய்தான். வெளியே வந்த தண்டை ஓர் இணைப்புக் கம்பி இன்ஜினோடு சேர்க்கிறது. ஆகப் பெட்டி, கேபிள், டில்ட் டியூப், இன்ஜின் இடவலமாகத் திரும்பும் அச்சு என நான்கு இடங்களில் எது இறுகினாலும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். இன்ஜினை இறக்கிய நிலையில் வைத்து, கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஓர் ஆள் பலத்துக்கு அசையாவிட்டால் கோளாறு இன்ஜினின் அச்சில். கேபிள் மேல் பழி இல்லை. அங்கே கிரீஸ் அடிக்கும் சிறு முனை, அதாவது கிரீஸ் நிப்பிள் இருக்கும். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை கிரீஸ் கன் அடித்து, நடுநடுவே இன்ஜினைத் திருப்பிக் கொடுங்கள். கிரீஸ் உள்ளே போகாவிட்டால் நிப்பிளைக் கழற்றித் துளையைக் குத்திவிட வேண்டும். பல படகுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இன்ஜின் லேசாகத் திரும்பினால், இப்போது சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இன்னும் இறுக்கமா? கேபிளை டில்ட் டியூபோடு பிடித்திருக்கும் நட்டைக் கழற்றி, தண்டை டியூபிலிருந்து உருவிவிட்டு மறுபடி சுற்றுங்கள். லேசாகிவிட்டால் கோளாறு டியூபில். அப்போதும் இறுக்கம் என்றால் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்டி தனியாகச் சுழன்றால் கேபிள்தான் காரணம். அப்போது வாங்க, கேபிள் தருகிறோம்.

சொல்வதற்கு எளிது, அந்தத் தண்டு உருவி வந்தால்தானே! எங்களிடம் வரும் பழைய படகுகளில் அதிகம் இறுகியிருப்பது இந்த டில்ட் டியூப்தான். தண்டு எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் பல பழைய இன்ஜின்களில் டியூப் சாதாரண இரும்பு. உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, துரு பருத்துத் தண்டைக் கவ்விக்கொள்கிறது. போன பருவத்தில் தொண்டிப் பக்கமிருந்து வந்த படகு ஒன்றில் தண்டை வெளியே எடுத்தபோது, நான்கு விரல் அகலத்துக்குச் செம்பழுப்பாகத் துருப்பொருக்கு; அதன் பின்னால் கிரீஸ் பழைய கருப்பட்டி மாதிரி இறுகி, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அதே கேபிளைத்தான் திரும்பவும் மாட்டிக் கொடுத்தோம்.

இப்படிக் கவ்விக்கொண்ட தண்டைச் சக்கரத்தை முறுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், பெட்டியில் பல் உடையும். டியூபின் இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பிறகு தண்டைவிடக் கொஞ்சம் மெல்லிய பித்தளைக் கம்பியை முனையில் வைத்து, மெதுவாகத் தட்டி வெளியேற்றுங்கள். சுத்தியலால் நேராகத் தண்டின் தலையில் அடித்தால் தலை விரிந்துவிடும், அப்புறம் அது டியூபைத் தாண்டி வரவே வராது. கேஸ் பர்னரும் வேண்டாம். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் புஷ்ஷும் கேபிள் உறையும் உருகிவிடும்.

தண்டு வந்த பிறகு, மரக்குச்சியில் எமரித் துணி சுற்றி டியூபின் உள்பக்கத்தைத் தேயுங்கள். துடைக்கும் துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடாதீர்கள். தண்டில் குழிகுழியாக அரிப்பு இருந்தால் கேபிளோடு மாற்றியாக வேண்டும், தண்டும் கேபிளும் ஒரே உருப்படி. உப்புத்தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸை நன்றாகப் பூசி மாட்டுங்கள்.

டியூபில் நிப்பிள் இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. தண்டு முழுவதும் உள்ளே இழுபட்டிருக்கும்போது மட்டும் கிரீஸ் அடியுங்கள். வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே அடைத்துக்கொண்டு, திரும்பி வரும் தண்டுக்கு இடம் இருக்காது. ஓடும் படகில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கேபிள் உறையைக் கீறி எண்ணெய் விட்டுத் தாங்க என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: செய்ய மாட்டோம். கேபிளின் உள்ளே தேவையான மசகு தயாரிக்கும்போதே போட்டு மூடிவிடுகிறார்கள். உறையைக் கீறினால் சில நாள் லேசாக ஓடும், பிறகு அதே கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும். உறை ஏற்கெனவே வெடித்திருந்தாலோ, ஓர் இடத்தில் புடைத்திருந்தாலோ உள்ளே கம்பி துருவேறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கேபிளை நம்பிக் கடலுக்குப் போக வேண்டாம்.

புதுக் கேபிளை வளைக்கும்போது எந்த வளைவின் ஆரமும் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதற்குள் மடக்கினால் புதுக் கேபிளே இறுக்கமாகத்தான் ஓடும். இணைப்புக் கம்பிக்குப் பழைய நட்டையே திரும்பப் போடாதீர்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டுத்தான் போட வேண்டும், அதுவும் புதிதாக. அந்த நட்டு கழன்றால் இன்ஜின் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், படகு சுழன்று ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடும். வேலைக் கூலியில் யாரும் பேரம் பேசலாம், நட்டில் வேண்டாம்.

கரையில் லேசாக இருந்து, ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் கனக்கிறதா? அது இறுக்கமே இல்லை, புரொப்பல்லரின் இழுப்பு. புரொப்பல்லருக்கு மேலே சிறிய துடுப்பு மாதிரி ஒரு டிரிம் டேப் இருக்கும். படகு வலப்பக்கம் லேசாகவும் இடப்பக்கம் கனமாகவும் திரும்பினால், அதன் பின்முனையை வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். எதிர்மாறாக இருந்தால் இடப்பக்கம்.

இன்னும் பழைய சில படகுகளில் இந்தக் கேபிளே இருக்காது. சக்கரத்தில் உருளை, படகோரமாக ஓடும் கம்பிக் கயிறு, மூலைக்கு மூலை கப்பி. கயிற்றின் பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டிருந்தால் கயிற்றை மாற்றுங்கள், சுழலாத கப்பியையும் மாற்றுங்கள். அழகுக்காக அதை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. வீட்டு வளவில் நிற்கிற படகுக்குச் சரி, தண்ணீரில் ஓட்டுவதற்கு இப்போதைய கேபிளுக்கு மாறிவிடுவதே நல்லது.

பட்டறைக்கு வரும்போது பழைய கேபிளை வெட்டாமல் முழுசாகக் கொண்டுவாருங்கள். உறையில் அச்சிட்ட எண் படிக்க முடிந்தால் நீளம் பார்க்க அதுவே போதும், அழிந்திருந்தால் நாங்களே அளந்துகொள்கிறோம். எண்ணெயில் ஊற வைத்து மெதுவாகத் தட்டியும் தண்டு டியூபிலிருந்து வராவிட்டால், மேலும் பலமாக அடித்துப் பார்க்காமல் பிராக்கெட்டோடு இன்ஜினைக் கழற்றி வண்டியில் ஏற்றி வாருங்கள். தை முதல் வாரம் கூட்டமாக இருக்கும், மார்கழியிலேயே வந்தால் உடனே பார்த்துத் தர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையார்