உயிர் பிழைத்த பிறகு?

ஆசிரியருக்கு,

பக்கவாதம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரி, வேண்டியதுதான். உயிர் பிழைத்த பிறகு என்ன செய்வது?

என் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. டிஸ்சார்ஜ் செய்தபோது கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டு மட்டும். துவண்ட கையைப் பிடித்து இழுத்துத்தான் அவரை உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். தோள்மூட்டு நழுவிவிடும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம்தான் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிறாரே, அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம் என்று எச்சரித்தவர் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைத்து, அப்பா எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பெரும்பாலானவை அவருக்குப் புரிந்தே இருக்கின்றன! இன்றும் நினைத்தால் கூசுகிறது.

முதல் 3 மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்குமாம். அதில் பாதியை நாங்கள் வீட்டில் தொலைத்திருந்தோம்.

பக்கவாத நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. பார்த்துக்கொள்பவர் கதை தனி.

வீட்டுக்கு அனுப்பும் முன் மறுவாழ்வுச் சிகிச்சைக்கான மதிப்பீடும், குடும்பத்தாருக்கு இரண்டு நாள் பயிற்சியும் கட்டாயமாக வேண்டும். தூக்குவது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஒரு வாசகர்