ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியரா?

ஐயா,

ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஈராசிரியர் பள்ளிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்வியைத் தந்தது. சரி, பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. வகுப்புகளோ ஐந்து!

நான் வேலை பார்த்த கிராமப் பள்ளியில், உடனிருந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாட்களில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான். நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு ஓடிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டியே வாசித்தால், அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகள் எத்தனை பேரானாலும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் என அரசு ஆணையிட வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்