லூல்கந்துர தேயிலை மலைக்குப் பாதை, வசதிகள், தொழிலாளர் நினைவுக்கல் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பொருள்: லூல்கந்துர தோட்டத்து ஏழாம் நம்பர் மலையையும் டெய்லர் ஆசனத்தையும் பார்க்க வருவோருக்கான வசதிகள், தோட்ட மக்களுக்கான தொழில் வாய்ப்பு, முதல் தொழிலாளருக்கான நினைவுக்கல்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையைக் கும்பிட்டு, வாவியைச் சுற்றி வந்து, பேராதனைப் பூங்காவில் அரைநாளைக் கழித்துவிட்டு எல்லவுக்கோ நுவரெலியாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். தேயிலையைப் பற்றி அறிய ஆசைப்படுகிறவர்கள் ஹந்தான அருங்காட்சியகம் வரை போகிறார்கள். பழைய தொழிற்சாலை ஒன்றை நன்றாகவே பேணி வைத்திருக்கும் இடம் அது. ஆனால் இந்நாட்டுத் தேயிலை வேர்பிடித்த மண் அதற்கும் அப்பால், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து மலைகளில் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வர்த்தகத்துக்கென முதன்முதலில் தேயிலை பயிரிட்டது லூல்கந்துர தோட்டத்தில்தான். அந்த ஏழாம் நம்பர் மலையும், அவர் தங்கிய குடிலின் எச்சமும், வந்து அமர்வாராம் என்று சொல்லப்படும் கல்லாசனமும் இன்றும் உள்ளன. மூடுபனி விலகிய காலை நேரத்தில் அந்த ஆசனத்தில் இருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் மலையாக எழும்பி நிற்கும். கண்டி மாவட்டத்தில் இதைவிட அழகான இடம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தை மேம்படுத்தித் தாருங்கள் என்று கேட்கவே இம்மனுவை எழுதுகிறோம். எப்படி மேம்படுத்த வேண்டும் என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

டெய்லர் ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் பதினாறு வயதில் வந்தவர். 1869இல் கோப்பிச் செடிகளில் இலை நோய் கண்டு, அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, துரைமாருக்குக் கைகொடுத்தது அவர் பயிரிட்டுக் காட்டிய தேயிலைதான். அந்தப் பெருமையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு துரை தனியாளாக மலையைத் திருத்தியிருக்க முடியாது. காட்டை வெட்டியதும், குழி தோண்டியதும், கன்று நட்டதும், புல் வெட்டியதும் தென்னிந்தியாவிலிருந்து தலைமன்னாரில் கரையேறிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் கைகள். ஆரம்ப காலத்தில் டெய்லரின் வராந்தாவில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்திக் கொழுந்தை உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டிக் காயவைத்தார்கள். பின்னாளில்தான் இயந்திரம் வந்தது.

1892இல் டெய்லர் இறந்தபோது, இருபத்துநான்கு பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, அவரது பெட்டியைக் கண்டி மஹய்யாவ மயானம் வரை சுமந்து போனதாகப் பதிவு இருக்கிறது. பின்னால் நடந்த தொழிலாளர்கள் அவரைச் சாமி துரை என்றே அழைத்தார்களாம். மஹய்யாவையில் அவருடைய கல் இருக்கிறது. அதில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் (மருந்துப் பட்டை மரம்) இத்தீவில் முன்னோடி என்று பொறித்திருக்கிறார்கள். சுமந்து போன இருபத்துநான்கு பேரில் ஒருவருடைய பெயரை எந்தக் கல்லில் தேடுவது? மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் நாடு முழுவதும் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் தேயிலை பிறந்த மலையில் அம்மக்களுக்கென ஒரு கல் நாட்டாமல் விடுவது முறையாகாது. ஆகவே, ஆசனத்துக்குப் போகும் வழியில் தொழிலாளர் நினைவுக்கல் ஒன்று வேண்டும். பழைய செக்ரோல் (தொழிலாளர் பேர்ப் பதிவேடு) பதிவுகள் தோட்டத்திலோ சுவடிக்கூடத்திலோ கிடைக்குமாயின், அவற்றிலுள்ள பெயர்களை அப்படியே பொறிக்க வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை.

அடுத்தது, அன்றாடம் நாங்கள் காணும் சிரமங்கள். குறுகலான வளைவுகளில் எதிரெதிரே இரண்டு வேன் வந்தால் ஒன்று பின்னால் போயே ஆகவேண்டும். மழை நாளில் அது உயிரோடு விளையாடுகிற வேலை. மேலே ஏறி வந்த பெண்களும் பிள்ளைகளும் கழிப்பறை தேடி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக் கதவைத்தான் தட்டுகிறார்கள். எங்கள் பெண்கள் முகம் கோணாமல் வாளியில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள், ஆனால் அந்த வாளித் தண்ணீரும் பீலியில் வரிசையில் நின்று பிடித்ததுதான். வந்தவர்கள் போன பிறகு போத்தல்களும் பிளாஸ்டிக் உறைகளும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடக்கின்றன.

கொழுந்து எடுக்கும் பெண்களிடம் வந்து படம் எடுக்கக் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடையைத் தோளில் சரிசெய்து, சிரிக்கச் சொன்னால் சிரித்து, இன்னொரு பக்கம் திரும்பச் சொன்னால் திரும்பி நிற்கும் நேரத்தில் அந்த அக்காவின் நிரை பின்தங்கிவிடும். மாலையில் நிறுவைக்கு வரும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். வந்தவர்களுக்கு இது தெரியாது, ஆதலால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைக்குள் இறங்காமல் நின்று பார்ப்பதற்கென ஓர் இடம் ஒதுக்கி, வேலை செய்பவர்களைப் படமெடுக்கும் முறையை எழுதி வைத்தாலே போதும்.

எங்கள் பிள்ளைகள் உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் வேலை தேடுகிறார்கள். சொந்த மலையின் கதையைச் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி உரிமமும் வழங்குகிறது. அதற்கான பயிற்சியைத் தமிழிலும் நடத்தி, இப்பகுதித் தோட்ட இளைஞர் யுவதிகளுக்கு முன்னுரிமை தர ஏற்பாடு செய்ய வேண்டும். ரொட்டியும் பிளேன்டீயும் விற்கச் சில சிறு கடைகள் கட்டித் தந்தால், அவற்றை வெளியாருக்கு ஏலம் விடாமல் லயக் குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும். வார இறுதியில் கண்டியிலிருந்து காலையில் ஒரு பஸ்ஸும் மாலையில் திரும்ப ஒரு பஸ்ஸும் ஓடினால், வேன் பிடிக்க வசதியில்லாத நம் நாட்டுக் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்.

வழிகாட்டிப் பலகைகளும் விளக்கப் பலகைகளும் மூன்று மொழியிலும் அமைய வேண்டும். பொதுப் பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழைகள் மலிந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். எழுதுவதற்கு முன் அருகிலுள்ள பாடசாலைத் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டினால் அக்குறை நீங்கும். கட்டடம் எதுவாயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு மண்ணைப் பரிசோதித்து அனுமதித்த பின்பே எழுப்ப வேண்டும். மண்சரிவு எங்களுக்குப் புதிதல்ல, சுற்றுலாவுக்காகச் சரிவை வெட்டி லயங்களை ஆபத்தில் தள்ளிவிடக் கூடாது.

தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, சுற்றுலாத் துறை, தொல்பொருள் திணைக்களம் ஆகிய எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தக்கூடியவர் தாங்கள்தான். எனவே இதை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு முன் தாங்களோ தங்கள் அலுவலரோ ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். வரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. வேலை நாளில் வந்தால் ஒரு நாள் பேரை இழந்துதான் எங்கள் பெண்கள் தங்களைச் சந்திக்க முடியும், அவர்கள் வாயால் இவற்றைக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

இங்ஙனம்,
தெல்தோட்டை, கலஹா பகுதித் தோட்ட மக்கள் சார்பில்,
கீழே கையொப்பமிட்டோர்

பிரதி: பிரதேச செயலாளர், தெல்தோட்டை