பாப்பாவுக்கு, அப்பத்தா வீட்டுக்கு வந்தாச்சு

பாப்பா,

அப்பத்தாவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அப்பா உன்னிடம் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருப்பார், அதற்கு மேல் அவருக்கு வாய் வராது. நீயும் 15 நாளாகக் கூப்பிடவில்லை. ஆபீஸ், குட்டி, எல்லாம் தெரியும், இருந்தாலும். ஆஸ்பத்திரியில் நீ அனுப்பிய பணம்தான் கட்டினோம், என் மகள் அனுப்பியது என்று நர்ஸிடம்கூடச் சொன்னேன்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது அப்பத்தாவுக்குக் கர்ப்பப்பை இறங்கியதற்கு, அதைத் தாங்க உள்ளே ரிங் வைத்தோமே, அந்த ரிங்கைச் சுற்றிக் கல் கட்டிவிட்டது. ஒன்றுக்குக் கசிந்து கசிந்து அதிலிருக்கும் உப்பு படிந்துவிடுமாம். சதையோடு ஒட்டியதால் கையால் இழுத்தால் வரவில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, உடைத்து உடைத்து எடுத்தார்கள். நீர்ப்பையில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று பார்த்தார்கள், இல்லை. இரத்தம் பட்டதால் கேன்சர் என்றே பயந்தோம், அதுவும் இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ இருமும்போதெல்லாம் காலைச் சேர்த்துக்கொண்டு நின்றாய். நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று இருந்துவிடாதே, லேடி டாக்டராகப் பார்த்துப் போ. உன் பெயரைச் சொல்லாமல் இங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன், அடித்தசையை இறுக்கும் பயிற்சியிலேயே நிறையப் பேருக்குக் குறையுமாம். போய்விட்டு வா.

ரிங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும் என்று அன்றைக்கு என்னிடம்தான் சொன்னார்கள். இரண்டு தடவை கூட்டிப் போனேன், அப்புறம் உன் பரீட்சை, உன் ஹாஸ்டல் என்று... இல்லை, உன்மேல் போடக் கூடாது. நான் மறந்துவிட்டேன். 11 வருஷம். போன வருஷம் வாடை அடிக்க ஆரம்பித்தபோது, வயசானால் அப்படித்தான் என்று கட்டிலைத் திண்ணைக்கு மாற்றியவளும் நான்தான். அப்பத்தா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியுமுன் எழுந்து தன் சேலையைத் தானே அலசிக் காயப்போடுவார்கள். குலதெய்வம் கோயிலுக்கு வரவில்லை, முட்டிவலி என்றார்கள். அதை நம்பினேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

கட்டிலை உள்ளே போட்டுவிட்டேன், உன் அறையில். டாக்டரிடம் போ பாப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அப்பா கறிக்கடைக்குப் போயிருப்பார். மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு.

அம்மா