ஷா டின் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

டிசம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு ஹாங்காங் ஷா டின் திடலில் குதிரைப் பந்தயத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாய். எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்றும் கேட்டாய். அதைப் போனில் பேசி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எதன் மேலும் கட்டாதே. சிங்கப்பூரில் புக்கித் தீமா பந்தயத் திடலிலும் அப்புறம் கிராஞ்சித் திடலிலும் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். தீனி போட்டு, கழுவி, கூடவே இருக்கிற ஆளுக்கே தன் குதிரை அன்றைக்கு ஜெயிக்குமா என்று தெரியாது. சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை நம் புளோக்கிலேயே நீ பார்த்திருக்கிறாய். அதற்காகப் போகாதே என்று சொல்லவில்லை. கட்டாயம் போ. போய்க் குதிரையைப் பார்.

சீக்கிரமே கிளம்பு. ஈஸ்ட் ரயில் பாதையில் ரேஸ்கோர்ஸ் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு, பந்தய நாளில் மட்டும்தான் அங்கே வண்டி நிற்கும். இறங்கியதும் கூட்டத்தோடு இருக்கை தேடி ஓடாதே. ஓடுவதற்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையம் இருக்கும், அதன் கம்பி ஓரமாகப் போய் நில்.

முதலில் நடையைப் பார். பின்னங்கால், முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழ வேண்டும். உடம்பு இளகி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காது முன்பக்கம் நிமிர்ந்து, அங்கே இங்கே திரும்பிக்கொண்டிருந்தால் அதன் மனசு நன்றாக இருக்கிறது. அப்புறம் தோல். குளிரிலும் எண்ணெய் தடவியதுபோல் மின்னினால், நல்ல தீனியும் தினம் தேய்த்துவிட்ட கையும் அதற்குப் பின்னால் உண்டு. ஓடுவதற்கு முன்பே பின்தொடைகளுக்கு நடுவில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தால் அது பயந்துபோயிருக்கிறது, பலத்தை அங்கேயே செலவழிக்கிறது. ஹாங்காங்கில் ஒவ்வொரு குதிரையின் உடல் எடையையும் பந்தயத்துக்கு முன் பவுண்டுக் கணக்கில் வெளியிடுவார்கள். முன்பு ஜெயித்தபோது என்ன எடை, இன்றைக்கு என்ன எடை என்று ஒப்பிட்டுப் பார். எனக்குப் பிடித்த கணக்கு அதுதான்.

வேர்வை என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. குளிர்நாட்டில் பிறந்த குதிரைகளுக்குச் சிங்கப்பூர் வெக்கை பெரிய சோதனை. சிலவற்றுக்கு வேர்வையே நின்றுபோகும். தோல் காய்ந்து கிடக்கும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும். தண்ணீர் பீய்ச்சி, வழித்துவிட்டு, மறுபடியும் பீய்ச்சி, மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்துவோம். கழுத்தில் கை வைத்தால் சூடு இறங்குவது தெரியும், அப்புறம்தான் எங்களுக்கும் மூச்சு வரும். ஹாங்காங் குளிரில் அந்தக் கஷ்டம் இல்லை. அதனால்தான் டிசம்பர் பந்தயத்தை நீ பார்க்க வேண்டும் என்கிறேன். குதிரை சௌகரியமாக இருந்து ஓடும் காலம் அது.

சாதாரண நாளில் அங்கே நடப்பது பெரும்பாலும் ஹேண்டிகேப் பந்தயம். நல்ல குதிரை முதுகில் அதிகப் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் சர்வதேசப் பந்தய நாளில் நடக்கும் நாலு பெரிய பந்தயங்களில் அந்தச் சலுகை கிடையாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்து மட்டும்தான் பாரத்தைக் குறைப்பார்கள். 1,200, 1,600, 2,000, 2,400 மீட்டர் என்று நாலு தூரம், நாலு விதமான குதிரை. 1,200 ஓடுகிற குதிரைக்குப் பின்புறம் திரண்டு உருண்டிருக்கும். 2,400 ஓடுவது கொஞ்சம் ஒல்லியாக, நீளமாக இருக்கும். நீயே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல். 2,000 மீட்டர்தான் ஹாங்காங் கப். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ரொமான்டிக் வாரியர் அதை ஜெயித்தது. அயர்லாந்தில் பிறந்த குதிரை. டிவியில் பார்த்ததற்கே எனக்குக் கை நடுங்கியது.

நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது, உனக்கு நினைவிருக்கும். ராக்கெட் மேன். 2011இல் துபாய்க்குப் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை ஜெயித்துவிட்டு வந்தது. அன்றைக்குக் கிராஞ்சியில் எந்த லாயத்து ஆளைக் கேட்டாலும் தன் வீட்டுப் பிள்ளை ஜெயித்ததாகத்தான் பேசினான்.

2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசிப் பந்தயம். 1843இல் சிராங்கூன் ரோடு பக்கம் ஆரம்பித்த சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் அன்றோடு முடிந்தது. தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க உன்னைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவேனே, அந்தப் பக்கத்து ரேஸ் கோர்ஸ் ரோடுக்குப் பெயர் வந்ததே அந்தப் பழைய திடலால்தான். நிலம் வீடு கட்டுவதற்கும் மற்ற தேவைக்கும் வேண்டும் என்றார்கள். சின்ன ஊர், வீடும் வேண்டும்தான். ஆனாலும் விடிவதற்கு முன் ஓட்டப் பயிற்சிக்கு வரிசையாகக் கிளம்பும் குளம்புச் சத்தம் இந்தத் தீவில் இனிமேல் இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆகவே எனக்காக ஒன்று செய். ஜெயித்த குதிரையைச் சுற்றி எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீ கடைசியாக வந்த குதிரையைப் பார். அதைப் பிடித்துக்கொள்ள அதைப் பராமரிக்கும் லாயத்து ஆள் வருவார். முகத்தைத் துடைத்துவிட்டு, காலைக் குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ சொல்லிக்கொண்டே கூட்டிப்போவார். அவர் கையைக் கவனி.

ஸ்வெட்டர் மறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். கிறிஸ்துமஸ் லீவில் நாங்கள் இரண்டு பேரும் வரலாம் என்று பார்க்கிறோம். ஹாங்காங்கின் இன்னொரு திடலான ஹேப்பி வேலியில் புதன்கிழமை ராத்திரிப் பந்தயம் நடக்கும். அந்த வாரம் இருக்கிறதா என்று அட்டவணையைப் பார்த்துச் சொல், அதை வைத்து டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா