கடற்கரை விளக்குகளைக் கொஞ்சம் குனிய வைக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடும் பருவம் வந்தால் குஞ்சுகளைக் கடலில் விடும் படம் உங்கள் நாளிதழில் தவறாமல் வந்துவிடுகிறது, பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடல் எந்தப் பக்கம் என்று அந்தக் குஞ்சுக்கு எப்படித் தெரிகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை தாண்டியும் கரையோரம் விடிய விடிய எரியும் விளக்குகளைப் பற்றியும் எழுத வேண்டிவரும்.

மணலுக்குள் பொரிந்த குஞ்சுகள் மணல் சூடு தணிந்த பிறகு, பெரும்பாலும் இரவில், கூட்டமாக மேலே வருகின்றன. வழிகாட்டத் தாய் கிடையாது, முட்டையிட்ட இரவே அது கடலுக்குப் போய்விட்டது. நாலு சென்டிமீட்டர் நீளத்தில் தரையோடு தரையாக ஊர்கிற குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பதைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. விளக்கில்லாத கரையில் மணல்மேடும் மரங்களும் நிற்கும் ஊர்ப்பக்கம் இருட்டாகவும் கடல் பக்கம் வெளிச்சமாகவும் இருக்கும், அதனால் கணக்கு தப்பாது. நிலா உச்சியில் இருந்தாலும் பெரிய குழப்பம் இல்லை, ஏனென்றால் குஞ்சு கவனிப்பது அடிவானத்தை ஒட்டிய தாழ்வான வெளிச்சத்தை. நம்முடைய தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கின்றன.

தண்ணீரில் இறங்கிவிட்டால் வேறு புலன் வேலைக்கு வந்துவிடும். அலை தன்னைத் தூக்கிப்போடும் விதத்தை உடம்பாலேயே உணர்ந்து, கும்மிருட்டிலும் அலைக்கு எதிராக நீந்தும், அலை கரையைப் பார்த்து வருவதால் எதிர்த்துப் போனால் ஆழ்கடல்தானே. அதற்கும் அப்பால் வழிகாட்டுவது பூமியின் காந்தப்புலம். அமெரிக்காவின் புளோரிடாவில் கென்னத் லோமன் என்ற ஆய்வாளர் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளைத் தொட்டியில் நீந்தவிட்டு, சுற்றியிருந்த கம்பிச்சுருளில் மின்சாரம் செலுத்திக் காந்தப்புலத்தைத் திருப்பினார், குஞ்சுகளும் திசையைத் திருப்பிக்கொண்டன. இத்தனை ஏற்பாட்டோடு பிறக்கிற ஒரு ஜீவன், தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே ஒரு ஃபோகஸ் லைட்டிடம் தோற்றுப்போகிறது!

காலை நடைக்குப் போகிறவர்கள் இந்தப் பருவத்தில் மணலை உற்றுப் பாருங்கள். தையல் போட்ட மாதிரி இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் துடுப்புத் தடம் இருக்கும். அது கடலுக்கு நேராகப் போகாமல் விளக்குக் கம்பத்தைப் பார்த்து வளைந்து, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி, சாலைப் பக்கம் போயிருந்தால் அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. நாய் இருக்கிறது, காகம் இருக்கிறது, வெயில் இருக்கிறது.

1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்களே, பிறகென்ன என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஆயிரம் கும்பிடு. ஆனாலும் எல்லாக் கூடும் கண்ணில் படுமா? தவிர, வெளிச்சமான கரையில் தாய் ஆமையே ஏறத் தயங்குகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அவை சிக்கிக்கொள்ளும் இழுவலையைப் பேசினோம், பேச வேண்டியதுதான். வலைப் பிரச்சினையைத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம், விளக்குக்கு ஸ்விட்ச் இருக்கிறது.

கரையையே இருட்டாக்குங்கள் என்று சொல்லவில்லை. பெண்கள் நடமாடும் இடம், மீனவர்கள் விடிவதற்கு முன் படகு தள்ளும் இடம், வெளிச்சம் வேண்டும். ஆனால் குஞ்சின் கண்ணை அதிகம் இழுப்பது ஊதா, நீலம், பச்சை கலந்த வெளிச்சம். நாம் பழைய மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு மாட்டியிருக்கும் வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் தாராளமாக இருக்கிறது. புளோரிடாவின் கடலோர ஊர்கள் பலவற்றில் இதற்கென்றே விதி வைத்து, தாழ்வாக, மூடி போட்டு, ஆரஞ்சு நிற விளக்கு போடச் சொல்கிறார்கள். ஜனவரி முதல் மே வரைக்குமாவது இங்கேயும் அதைச் செய்யலாம், கடலைப் பார்த்து எரியும் அலங்கார விளக்குகளை இரவு 11 மணிக்கு மேல் அணைத்தும் விடலாம். இதை யாரிடம் கேட்பது என்று போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுகிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். குஞ்சு விடும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் செல்போன் டார்ச்சை அடித்தால் முன்னே போன குஞ்சு அப்படியே திரும்பி அவர்கள் காலடிக்கு வருகிறது. அடுத்த முறை அந்தப் படத்தைப் போடும்போது, கீழே டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். உங்கள் புகைப்படக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

— திருவான்மியூர் வாசகர், சென்னை