விளக்கவுரையைக் கடைசியில் திற

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அம்மாவின் அன்பின் வாழ்த்துகள்.

உங்கள் வேதபாடக் குழுவை இனிமேல் நீதான் நடத்தவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், எந்த வேதாகம விளக்கவுரை வாங்கலாம் என்று சொல்லுங்கள் என எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் விளக்கவுரையின் பெயர் எதையும் இப்போது சொல்லப்போவதில்லை. இருக்கிற கருவிகளில் கடைசியாகத் திறக்கவேண்டியது அதுதான். முதலிலேயே அதைத் திறந்தால், எழுதியவர் கண்டதைத்தான் நீயும் வசனத்தில் காண்பாய். அவர் கேட்காத கேள்வி உனக்கும் தோன்றாது. பிறகு குழுவில் யாராவது வேறு பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். எரேமியா 29:11. உனக்கு மனப்பாடம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்குகிறதே, அது. வாழ்த்து அட்டையிலும் காலண்டரிலும் இந்த வசனம் இல்லாத வருஷம் இல்லை.

முதல் வேலைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். 27-ஆம் அதிகாரத்திலிருந்து 29-ஆம் அதிகாரத்தின் முடிவுவரை ஒரே மூச்சில் படி. இரண்டு தடவை படித்தால் இன்னும் நல்லது. அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் முதன்முதலாக அச்சானது 1551-ல். எரேமியாவின் சுருளில் இவை எதுவும் கிடையாது. 28 முடிந்ததும் மூடிவைத்து, நாளைக்கு 29 என்று படிப்பவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வழக்கு கண்ணில் படாமலே போய்விடும்.

அது என்ன வழக்கு? 28-ல் அனனியா என்றொருவன் ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனின் நுகம் முறியும், சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறான். 27-ல் கர்த்தர் சொன்னபடி எரேமியா தன் கழுத்தில் போட்டிருந்த நுகத்தையே பிடுங்கி உடைக்கிறான். அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். எழுபது வருஷம் ஆகும். அதைச் சொன்ன பிறகுதான் நம்முடைய 11-ஆம் வசனம் வருகிறது. இரண்டு வருஷம் என்று ஒருவன், எழுபது வருஷம் என்று இன்னொருவர். ஜனங்களுக்கு எந்தச் செய்தி பிடித்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். அதிகாரத்தின் கடைசிவரை படித்தால் அதற்கும் பதில் இருக்கிறது. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் பதில் கடிதம் அனுப்பி, இந்த எரேமியாவை ஏன் அடக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்கிறான்.

இதுவரை வேதாகமத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை, கவனித்தாயா? குழுவுக்குச் சொல்ல ஏற்கனவே பாதி கிடைத்துவிட்டது.

இப்போது ஒத்தவாக்கியங்கள், அதாவது இதே விஷயம் வருகிற மற்ற வசனங்களைக் காட்டும் குறிப்புகள். ஓரத்திலோ நடுப்பத்தியிலோ பொடி எழுத்தில் இருக்குமே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு எல்லாக் கருவிகளிலும் பிரியமானது இதுதான். வேதத்தை வேதமே விளக்குவதற்கு இது வழி விடுகிறது. "எழுபது வருஷம்" என்ற இடத்திலிருந்து புறப்படு. முதலில் எரேமியா 25:11, 12-க்குப் போவாய். அங்கிருந்து 2 நாளாகமம் 36:21. தேசம் தன் ஓய்வுநாட்களை அனுபவித்துத் தீருமட்டும் பாழாய்க் கிடந்தது என்று அங்கே இருக்கும். ஓய்வுநாளுக்கும் சிறையிருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேள்வி வரும். அதற்கான ஒத்தவாக்கியம் உன்னை லேவியராகமம் 26:34-க்குக் கொண்டுபோகும். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே சொல்லப்பட்ட எச்சரிப்பு அங்கே காத்திருக்கிறது. அப்புறம் எஸ்றா 1:1. பெர்சிய ராஜாவாகிய கோரேஸின் கட்டளை, கி.மு. 538. எரேமியாவின் வாயினாலே சொல்லப்பட்ட வார்த்தை நிறைவேறும்படி என்று எஸ்றா புத்தகமே சொல்கிறது.

ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது தானியேல் 9:2-ல். வயதான தானியேல், எரேமியாவுக்குச் சொல்லப்பட்ட வருஷங்களின் தொகையைப் "புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன்" என்கிறார். யோசித்துப் பார். சொப்பனத்தையும் தரிசனத்தையும் கண்டவர், ராஜாக்களுக்கே அர்த்தம் சொன்னவர். அவரும் உட்கார்ந்து படித்துத்தான் இதை அறிந்துகொள்கிறார். அறிந்ததும் அடுத்த வசனத்தில் என்ன செய்கிறார்? நாள் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். வேதத்தை ஆராய்ந்து படிப்பவர்கள் ஆவிக்குரிய அனலை இழந்துவிடுவார்கள் என்று உன்னிடம் யாராவது சொன்னால், வாதம் பண்ணாதே. இந்த அதிகாரத்தைச் சேர்ந்து படிக்கலாமா என்று கேள்.

அடுத்தது கன்கார்டன்ஸ். சொல்லைக் கொடுத்தால் அது வருகிற வசனங்களையெல்லாம் காட்டும் புத்தகம். 1737-ல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கில வேதாகமத்துக்கு ஒன்றைத் தனி ஆளாக, கையாலே தொகுத்து வெளியிட்டார். ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் பெரிய கன்கார்டன்ஸ் 1890-ல் வந்தது. எபிரேயச் சொற்களுக்கும் கிரேக்கச் சொற்களுக்கும் அவர் போட்ட எண்களைத்தான் இன்றைக்குப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. உன் போனில் ஒரு நொடியில் வருகிற தேடலுக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் எத்தனையோ வருஷ உழைப்பு இருக்கிறது.

இதைக் கொள்கைச் சொற்களுக்கு மட்டும்தான் பயன்படுத்துவார்கள். கிருபை, விசுவாசம், நீதி என்று தேடுவார்கள். நீ ஒரு பெயரைத் தேடிப் பார். எரேமியா 29:3-ல் கடிதத்தைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவன் சாப்பானுடைய மகன் எலெயாசா. படிக்கும்போது தாண்டிப் போய்விடுகிற பெயர். "சாப்பான்" என்று தேடு.

2 இராஜாக்கள் 22-ல், யோசியா ராஜாவின் காலத்தில், ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தை ராஜாவுக்கு வாசித்துக் காட்டிய சம்பிரதி, அதாவது அரண்மனை எழுத்தர், சாப்பான். எரேமியா 26:24-ல், ஜனங்கள் எரேமியாவைக் கொன்றுபோடாதபடி காப்பாற்றியது சாப்பானின் மகன் அகீக்காம். 36-ஆம் அதிகாரத்தில், எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய பாருக்கு அந்தச் சுருளை வாசித்தது சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில். அதே சுருளை ராஜா எரித்தபோது, வேண்டாம் என்று தடுத்தவர்களில் அந்தக் கெமரியாவும் ஒருவர். எருசலேம் விழுந்தபின் எரேமியா யாரிடம் ஒப்படைக்கப்பட்டார் என்று 39:14-ல் பார். அகீக்காமின் மகன் கெதலியா, சாப்பானின் பேரன். இவர்களெல்லாம் அந்த ஒரே சாப்பானின் வழி வந்தவர்கள் என்றே நான் படிக்கிறேன். தாத்தா வாசித்த வார்த்தையை மகன்கள் காத்தார்கள், ஒரு மகன் சிறைப்பட்ட ஜனங்களிடம் சுமந்துபோனான், பேரன் தீர்க்கதரிசிக்கு அடைக்கலம் கொடுத்தான். வேதாகமத்தில் எந்த அதிகாரமும் இந்தக் குடும்பத்தின் கதையை முழுசாகச் சொல்லவில்லை. பட்டியலைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் கிடைக்கும். எனக்கு இது கிடைத்த நாளில் அடுப்படி வேலை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் கன்கார்டன்ஸுக்கு ஆட்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. "அனனியா" என்று தேடினால் எரேமியா 28-ன் பொய்த் தீர்க்கதரிசியும், தானியேலின் கூட்டாளியும், அப்போஸ்தலர் 5-ல் விழுந்து ஜீவனை விட்டவனும், சவுலின்மேல் கைவைத்த சீஷனும், 23-ஆம் அதிகாரத்துப் பிரதான ஆசாரியனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கெமரியாவும் அப்படித்தான். எலெயாசாவோடு கடிதம் கொண்டுபோன கெமரியா இல்க்கியாவின் மகன், அவர் வேறு. இன்னொரு பக்கம், ஒரே ஆள் பல பெயரில் வருவார். எரேமியா 29:2-ல் வருகிற எகொனியா, 22:24-ல் கோனியா, இராஜாக்களின் புத்தகத்தில் யோயாக்கீன். அவருடைய அப்பா பெயர் யோயாக்கீம். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், எத்தனையோ பேர் குழம்புகிற இடம். இங்கேதான் வேதாகம அகராதி கைகொடுக்கும்.

அகராதி வெளியிலிருந்து கிடைத்த செய்தியையும் சேர்த்துத் தரும். பாபிலோனில் ஜெர்மானியர்கள் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 1982-ல் எருசலேமில் தாவீதின் நகரம் என்று சொல்லப்படுகிற பகுதியில், சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர் பதிந்த சின்னக் களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. நம் விசுவாசம் இந்தக் களிமண்ணின்மேல் நிற்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர்கள் நிஜமாக நடமாடினார்கள், முத்திரை குத்தினார்கள் என்று பார்க்கும்போது வாசிப்பு மாறிவிடுகிறது.

வேதாகமத்தின் பின்பக்கத்து வரைபடங்களைத் தயவுசெய்து சும்மா விட்டுவிடாதே. பாபிலோன் எருசலேமுக்குக் கிழக்கே இருக்கிறது. அப்படியிருக்க, எரேமியா முதல் அதிகாரத்திலேயே தீங்கு வடக்கேயிருந்து வரும் என்கிறார். வரைபடத்தைத் திறந்தால் காரணம் தெரியும். நடுவில் வனாந்தரம். படைகள் ஐப்பிராத்து நதியோரமாக மேலே ஏறி, வளைந்து வடக்கிலிருந்துதான் இறங்கும். சிறைப்பட்டவர்கள் நடந்ததும் அந்தச் சுற்றுவழிதான். எஸ்றா பாபிலோனிலிருந்து புறப்பட்டு எருசலேம் வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று என்று எஸ்றா 7:9-ல் இருக்கிறது. எரேமியாவின் கடிதமும் அத்தனை தூரம் போனது.

ஸ்ட்ராங் போட்ட மூலமொழி எண்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு எண்ணைத் தட்டினால் பத்து அர்த்தம் வரும். அதில் மனதுக்குப் பிடித்ததை எடுத்து வசனத்தில் பொருத்தாதே. அந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று சொல்வது சுற்றியுள்ள வாக்கியம்தான். மற்றபடி, நம் பழைய மொழிபெயர்ப்போடு வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்துவிடும்.

சரி, இனி விளக்கவுரை. இத்தனையும் முடித்து, உன் நோட்டில் கேள்விகள் எழுதிவைத்த பிறகு திற. ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். எழுபது வருஷத்தையே எடுத்துக்கொள். அசீரியாவின் ஆட்சி முற்றிலும் முடிந்த கி.மு. 609-லிருந்து பாபிலோன் விழுந்த 539 வரை என்று சிலர் கணக்கிடுவார்கள். ஆலயம் எரிந்த 586-லிருந்து அது திரும்பக் கட்டி முடிந்த 516 வரை என்று வேறு சிலர். தன் பக்கத்துக் காரணத்தை ஒவ்வொருவரும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார். நீயே வசனங்களைத் தேடி நடந்திருப்பதால், யார் வசனத்தின்மேல் நிற்கிறார், யார் ஊகத்தின்மேல் நிற்கிறார் என்று உனக்கே தெரியும். குழுவிலும் இரண்டு கருத்தையும் சொல்லு. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்லாதே.

இப்படியெல்லாம் ஆராய்ந்தால் 29:11-ஐ இனி எனக்கென்று பிடித்துக்கொள்ள முடியாதா என்று குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது அவசரப்பட்டு அவர்கள் கையிலிருந்து அந்த வசனத்தைப் பிடுங்கிவிடாதே. அதை முதலில் கேட்டவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைக் காணாமலே பாபிலோனில் கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் அது பொய்யாகவில்லை. அங்கே கட்டிய வீட்டிலும், போட்ட தோட்டத்திலும், பிறந்த பேரப்பிள்ளைகளிலும் கர்த்தரின் நினைவு நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சியாக அதைச் சொல்வதைவிட, இது கனமான ஆறுதல். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதைத் தைரியமாகக் கொடு.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பாய். வாரம் முழுக்க ஒரே பகுதியில் இரு. ஒரு நாள் படிப்பு, ஒரு நாள் ஒத்தவாக்கியம், ஒரு நாள் பெயர்களும் வரைபடமும் என்று பிரித்துக்கொள்ளலாம். போனில் அறிவிப்புகளை அணைத்துவிட்டு உட்கார். உட்காரும்போதும் எழும்பும்போதும் ஜெபம் பண்ணு, அதை நான் உனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

சாப்பான் வீட்டில் இன்னொரு மகன் பெயர் எசேக்கியேல் 8:11-ல் வருகிறது. அவன் எங்கே, யாரோடு, கையில் என்ன வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பார். அதே சாப்பான்தானா, அப்படியானால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தோன்றுவதை எழுது. விளக்கவுரை பார்க்காமல் எழுது. உன் பதில் வந்த பிறகு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அம்மா